திருத்தம் காட்டும் நீர்க்குறி: மதிப்பீட்டு அளவுகோல் குறித்த ஒரு திறனாய்வு

இலக்கமுறைப் படத்தில் நேர்ந்த திருத்தத்தைக் கண்டறிய இடப்படும் நீர்க்குறி, பதிப்புரிமை காக்க இடப்படும் நீர்க்குறியினின்றும் இயல்பால் வேறுபட்டது. பின்னது மாற்றங்களைத் தாங்கி நிலைத்தல் வேண்டும். முன்னது சிறு மாற்றத்திற்கும் சிதைதல் வேண்டும். ஆயினும் இத்துறை ஆய்வுரைகள் பலவும், குறி கண்ணுக்குப் புலனாகாமையையே முதன்மைச் சாதனையாக முன்வைக்கின்றன. இவ்வளவுகோல் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

8 பிட் சாம்பல்நிறப் படத்தில் ஒவ்வொரு பிக்சலின் கடைசி பிட்டில் மட்டும் குறியைப் பொதித்தால், அதன் மதிப்பு மிகுதியாக 1 அலகே மாறும். குறியின் பிட்டுகள் சீரற்றவையாயின், உச்சக் குறிகை–இரைச்சல் விகிதம் ஏறத்தாழ 51 டெசிபலாக அமையும். இவ்வெண் பொதிக்கும் இடத்தால் விளைவது. காப்பின் வலிமையைப் பற்றி அது எதுவும் உரைப்பதில்லை.

1998இல் வோங் முன்வைத்த முறை இதற்குத் தக்க சான்று. அதில் படம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் மேல் பிட்டுகளிலிருந்து பெறப்படும் ஹாஷ் மதிப்பு, குறியோடு இணைத்து மறையாக்கம் செய்யப்பட்டு, அக்கட்டத்தின் கடைசி பிட்டுகளில் பொதிக்கப்படுகிறது. திருத்தம் நிகழ்ந்த கட்டத்தையே சுட்டிக்காட்டுவது இம்முறையின் சிறப்பு. அச்சிறப்பே அதன் குறையுமாயிற்று. கட்டங்கள் ஒன்றையொன்று சாராமல் சரிபார்க்கப்படுவதால், ஒரே சாவியும் ஒரே குறியும் கொண்ட பல படங்களினின்று பொருத்தமான கட்டங்களைத் தேர்ந்து அடுக்கி, சாவி அறியாதவரும் போலிப் படம் ஆக்கலாம் என்பதை 2000இல் ஹோலிமனும் மேமனும் நிறுவினர். சரிபார்ப்பு அப்போலியை மெய்யென ஏற்கும். புலனாகாமை அளவோ சிறிதும் குறையாது. கட்டங்களைப் படிநிலையாகப் பிணைத்து இக்குறையைக் களையும் முறையைச் செலிக் முதலியோர் 2002இல் முன்வைத்தனர்.

இவ்வரலாறு அறிந்த பின்னரும், சோதனைப் படத்தின் ஒரு பகுதியை அழித்தோ இரைச்சல் சேர்த்தோ கண்டறிந்து காட்டுவதோடு ஆய்வை நிறைவுசெய்தல் பொருந்தாது. அது முறையை அறியாதவன் செய்த திருத்தத்தை மட்டுமே பிடிக்கும். மருத்துவப் படமும் வழக்குச் சான்றும் இக்குறியை நம்பி ஏற்கப்படுமாயின், அஞ்சத்தக்கவன் முறையை முழுதும் அறிந்து சாவியை மட்டும் அறியாதவனே. அவனிடம் எத்தனை படங்கள் உள்ளன, சரிபார்ப்புக் கருவியை அவன் அணுக இயலுமா என்பனவற்றை ஆய்வுரை முதலில் வரையறுத்தல் வேண்டும். அவ்வரையறை இல்லாத ஆய்வேட்டில் டெசிபல் அட்டவணை எத்துணை நீண்டிருப்பினும், திருத்தம் கண்டறியப்படும் என்னும் முடிவு நிறுவப்பட்டதாகாது.