ஆடுகள் இல்லாத வெளி

ஆர்.சி. கோர்மன் வரைந்த நவஹோ பெண்களை முதலில் ஒரு புத்தகத்தின் அச்சுப் படங்களில்தான் பார்த்தேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கனத்த தோள்கள், அகன்ற வெறும் பாதங்கள், பருத்த விரல்கள். தாள் முழுவதையும் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். ஒல்லியான உடலையே அழகென்று பார்த்துப் பழகிய எனக்கு அது பெரிய ஆறுதல். யாருக்காகவும் சிரிக்காத, வயிற்றை உள்ளிழுத்துக்கொள்ளாத பெண்கள்!

பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. இவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? பல படங்களில் பின்னால் ஒன்றுமே இல்லை.

கோர்மன் 1931இல் அரிசோனாவின் சின்லியில் பிறந்தவர். அப்பா கார்ல் கோர்மன், இரண்டாம் உலகப்போரில் நவஹோ மொழியில் ரகசியச் செய்தி அனுப்பிய படைவீரர்களில் ஒருவர், ஓவியரும்கூட. ஆனால் மகனை வளர்த்ததில் பாட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் அவரோடு ஆடு மேய்த்தபடி, மணலிலும் களிமண்ணிலும் கோடிழுத்துப் பழகிய பையன் அவர்.

அந்த ஆடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நவஹோ சமூகம் தாய்வழிச் சமூகம். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். பெண்கள் தங்கள் பெயரிலேயே மந்தை வைத்திருந்தார்கள். கம்பளியை நூற்று, சாயமேற்றி, நெய்து விற்றதும் அவர்களே. மேய்ச்சல் நிலம் அரித்துப்போகிறது என்று சொல்லி, 1933இல் அமெரிக்க அரசு மந்தைக் குறைப்பைத் தொடங்கியது. லட்சக்கணக்கில் ஆடுகள் போயின. சில இடங்களில் சுட்டு அப்படியே போட்டுவிட்டார்கள். அதிகாரிகள் கலந்து பேசியது ஆண்களின் பழங்குடி சபையோடு; மந்தைக்காரிகளை யாரும் கேட்கவில்லை. கோர்மன் அப்போது குழந்தை.

1958இல் சபையின் உதவித்தொகையில் மெக்சிகோ போன கோர்மனை டியேகோ ரிவேராவின் ஓவியங்கள் ஆட்கொண்டன. ரிவேராவின் பூக்காரிகளிடம் கூடை இருக்கிறது, சுமை இருக்கிறது, பிழைப்பு இருக்கிறது. கோர்மன் அந்தக் கனத்த உடலை எடுத்துக்கொண்டார். பிழைப்பைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டார். 1968இல் டாவோஸில் அவர் தொடங்கிய கூடத்திலிருந்து கல்லச்சுப் பிரதிகளும் சுவரொட்டிகளும் எங்கெங்கோ போயின. மௌனமான ‘ஆதித் தாய்’ ஒருத்தியை வரவேற்பறையில் மாட்டுவது எளிது. உன் ஆடுகள் எங்கே என்று அவளைக் கேட்க வேண்டியதில்லை. 2005இல் கோர்மன் இறக்கும்வரை அந்தப் புகழ் குறையவில்லை.

நெசவுக்காரப் பாட்டியின் பேத்தியான எம்மி வைட்ஹார்ஸ், 1957இல் பிறந்த நவஹோ ஓவியர். உள்ளங்கையால் வண்ணத்தைத் தேய்த்துத் தேய்த்து, விதையும் தண்டும் மிதக்கும் நிலவெளியை உண்டாக்குகிறார். அதில் பெண்ணுருவம் இல்லை. கோர்மன் அழித்துவிட்ட பின்னணி இதுதானோ என்று எனக்குத் தோன்றும்.

ஆனாலும் கோர்மனின் புத்தகத்தை நான் யாருக்கும் கொடுத்துவிடவில்லை. திறந்தால் இப்போது முதலில் பாதங்களைத்தான் பார்க்கிறேன். மந்தைக்குப் பின்னால் நடந்த பாட்டியின் பாதங்களை மட்டும் அவரால் விட முடியவில்லை போலும்.