தூணிலிருந்து தொடங்குங்கள்

வால்ஹெய்ம் விளையாட்டில் யாராவது கட்டிய மண்டபத்துக்குள் நுழைந்தால், கண் முதலில் கம்பளத்துக்கும் கொடிக்கும்தான் போகும். அதெல்லாம் அப்புறம். சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தூணின் அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போங்கள். தரையைத் தொடும் துண்டு நீலமாகத் தெரியும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. அதற்கும் மேலே ஒன்றைப் பொருத்தப் பார்த்தால், வைத்த கையோடு நொறுங்கிவிடும்.

ஸ்வீடனின் அயர்ன் கேட் நிறுவனம் உருவாக்கிய, 2021 பிப்ரவரியில் வெளிவந்த இந்த வைக்கிங் விளையாட்டு, எடையைக் கண்டுகொள்வதே இல்லை. தரையிலிருந்து எவ்வளவு தூரம், இடையில் என்ன பொருள் என்பதுதான் கணக்கு. செங்குத்தாக ஏறினால் மரத்தின் பலம் மெல்லக் குறையும். பக்கவாட்டில் நீட்டினால் மளமளவென்று இறங்கும். சிவில் இன்ஜினீயர் சிரிப்பார், சிரிக்கட்டும். நடுத்தூண் இல்லாத அகலமான கூடத்தைக் கண்டால் ஏன் வியக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கு தெரிந்தவருக்கே புரியும். முகட்டு உத்திரம் சிவப்பில் நிற்கிறதா? கட்டியவர் கடைசித் துளி பலம்வரை செலவழித்திருக்கிறார்.

அடுத்தது பொருள். சாதாரண மரம் சீக்கிரம் சோர்ந்துபோகும். பைன் மரத்தில் கிடைக்கும் கோர் வுட் இன்னும் உயரம் போகும். இரும்புப் பட்டை அடித்த உத்திரம் இரண்டையும் மிஞ்சும். கல் செங்குத்தாக நிற்பதில் கில்லாடி, அந்தரத்தில் நீட்டினால் தாங்காது. ஆகவே அடியில் தாங்கல் எதுவும் தெரியாத கல் தளத்தைப் பார்த்தால், உள்ளே இரும்பு உத்திரம் ஓடுகிறதா என்று தேடுங்கள். சிலர் அதைக் கல்லுக்குள் புதைத்துவிடுவார்கள். சிலர் வெளியே தெரிய விடுவார்கள். என் ஓட்டு வெளியே காட்டுபவருக்கே. மறைத்த இரும்பில் சாமர்த்தியம் இருக்கிறது, காட்டிய இரும்பில் அழகும் இருக்கிறது.

உயிரோடு நிற்கும் மரமும் பெரும்பாறையும்கூடத் தரையாகவே கணக்காகும். பைன் மர உச்சியில் வீடு கட்டுகிறவர்கள் இதை நம்பித்தான் கட்டுகிறார்கள். ட்ரோல் என்னும் ராட்சதன் வந்து மரத்தைச் சாய்த்தால் வீடும் கூடவே போகும்.

சரிவதையும் ரசிக்க வேண்டுமானால், உங்கள் உலகத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு அடித்தூணை உருவிப் பாருங்கள். நண்பரின் சர்வரில் மட்டும் வேண்டாம்.