சாலை கேட்காத வண்டி

2024 ஜனவரியில் மதுரை கீழக்கரை அரங்கத்தில் சிறந்த மாடுபிடி வீரருக்குத் தார் ஜீப்பைப் பரிசாகக் கொடுத்தார்கள். வண்டி மேல் ஆசை வருவதில் தவறில்லை. தச்சங்குறிச்சி முதல் கொத்தமங்கலம் வரை எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து இளைஞர்களுக்கும் அது இருக்கட்டும். ஆனால் ஆசையோடு கூடவே ஒரு வரலாறும் கிளம்பியிருக்கிறது: நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டி வந்த பிறகுதான் நம் கிராமங்கள் வெளியுலகத்தைப் பார்த்தனவாம்.

பொறியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1903-இல் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் சகோதரர்கள் செய்த பந்தயக் கார், 1908 வாக்கில் விஸ்கான்சின் மாநிலத்துப் பட்டறை ஒன்றில் சக்கோவும் பெசர்டிச்சும் உருவாக்கிய வண்டி, 1940-இல் பேன்டம் நிறுவனம் 49 நாளில் முடித்துக் கொடுத்த முதல் ஜீப், எல்லாமே சாதனைகள்தாம். (பேன்டத்தின் வரைபடங்களை அமெரிக்க ராணுவம் வில்லிஸிடமும் ஃபோர்டிடமும் கொடுத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அவை இரண்டும் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. பாடுபட்டவனுக்குப் பெயர் மிஞ்சாத கதை.) 1947-இல் வில்லிஸ் ஜீப் மகிந்திரா வழியாக பம்பாய்க்கு வந்தது. போடி, வால்பாறை மலைத்தடங்களில் அதன் உழைப்பை யார் மறுக்க முடியும்?

ஆனால் புதுக்கோட்டை மலை நாடல்ல. செம்மண், முந்திரிக்காடு, கண்மாய்க்கரை. 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் இங்கே ஜீப் என்றாலே வட்டார வளர்ச்சி அலுவலர்தான். அந்தப் பழைய ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டுத் தார்ச்சாலையில் திருப்பினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துப் பற்சக்கரங்கள் இறுகும், டயர் தேயும். எனவே தார்ச்சாலையில் அது இரு சக்கர விசையில் ஓடும் சாதாரண வண்டி. சாலை இல்லாத இடத்தில்தான் அதன் பெருமை தொடங்குகிறது.

என் நெடுநாள் மறுப்பும் அங்கேதான். சேற்றில் சிக்கிய அதிகாரிக்குத்தான் சாலையின் அவசரம் உறைக்கும். சிக்காத வண்டியைக் கொடுத்துவிட்டால் அவர் வந்து, பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். பிரசவ வலியோடு இருப்பவளைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு அதே சேற்றில் நடப்பவர்கள் ஊர்க்காரர்கள். சாலைக்கு அளவெடுக்க வந்த ஜீப்புகளும் உண்டே என்பார்கள். உண்டு. அளவெடுத்துவிட்டுப் போனதும் உண்டு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் சாலையில் கிடந்தன. எந்த கியரும் அங்கே பலிக்கவில்லை. அரிவாளும் ரம்பமும் வைத்திருந்தவர்கள்தான் வழி திறந்தார்கள். புயலையடுத்துக் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்ததை வெறும் வன்முறை என்று எழுதி முடித்தவர்கள், ஊர்க்கோபம் ஏன் வண்டிமேல் இறங்கியது என்று கேட்கவில்லை.

இந்த மாவட்டத்தை நகர்த்திய வண்டி எது என்று கேட்டால், அதன் விசை ஒரே சக்கரத்துக்குத்தான் போகும். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்களும் கிராம செவிலியர்களும் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்பார் இருந்தால் பிள்ளையை உட்காரவைக்கலாம் அல்லவா? பள்ளம் ஒவ்வொன்றும் அவர்கள் முதுகில் இடித்தது. சாலை கேட்கும் வாயும் அவர்களுக்கே வந்தது. நான்கு சக்கர விசையின் வரலாறு எழுதுவோர் இதைத் தங்கள் எல்லைக்கு வெளியே வைப்பது வசதியாக இருக்கலாம், நேர்மையாக இல்லை.

நான் ஜீப்புக்கு எதிரி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான்கு சக்கர விசை வேண்டுமா என்று வாங்குகிறவர்களையே கேட்டுப் பாருங்கள். 2023 ஜனவரியில், பின் சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் தாரை மகிந்திரா நிறுவனமே சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை குறைவு, தோரணை அதே.