விருப்பப் பட்டியலை அழித்தவர்கள்

போன வருடக் கடைசியில் ஓர் இரவு மணி இரண்டரை இருக்கும். சித்தப்பா மகன் போன் செய்தான். படிவம் ஐந்து படிக்கிறவன். அந்த நேரத்தில் போன் வந்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைப்போம். பதறிப்போய் எடுத்தேன்.

“அண்ணே, கூப்பன் வேலை செய்யல.”

சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. விஷயம் இதுதான். கணினி விளையாட்டுகள் விற்கும் ஓர் இணையக் கடையில் அவன் அறுபது ரிங்கிட் சேர்த்து வைத்திருந்தான். அன்றிரவு மலிவு விற்பனை தொடங்கியது. அதோடு ஒரு கொண்டாட்டமும் வைத்திருந்தார்கள். பக்கம் பக்கமாகப் போய் முத்திரை சேர்க்க வேண்டும், முத்திரை நிறைந்தால் கூப்பன் கிடைக்கும். கடைசி முத்திரைக்காகப் பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு, தனக்கு வேண்டவே வேண்டாத ஒரு விளையாட்டை வாங்கிவிட்டான். கூப்பனும் வந்தது. ஆனால் அவன் ஆசைப்பட்ட விளையாட்டுக்கு அது செல்லவில்லை. மீதி நாற்பத்தெட்டு ரிங்கிட்டும் போதவில்லை.

மறுநாள் ஆயர் குரோவில் நான் வழக்கமாகப் போகும் மாமாக் கடையில் மூன்று பேர் உட்கார்ந்து அந்த விதிப் பக்கத்தை வாசித்தோம். தம்பி, நான், கணக்காளராக வேலை செய்யும் என் நண்பன். குறைந்தபட்சத் தொகை என்பது தள்ளுபடிக்கு முந்திய விலையா, பிந்திய விலையா? மூன்று தே தாரேக் முடிவதற்குள் மூன்று விளக்கங்கள் வந்துவிட்டன. “என்னா லா இது, இன்கம் டேக்ஸ் பாரமே பரவால்ல போல” என்றான் நண்பன்.

அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். இலக்கிய இதழில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு மலிவு விற்பனைக் கொண்டாட்டத்தின் விதிகளும் யாரோ ஒருவர் எழுதிய பிரதிதான். லட்சக்கணக்கானவர்கள் அதை வாசிக்கிறார்கள், வாசித்ததன்படி நடக்கிறார்கள். கவிதையைத் தப்பாக வாசித்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. இந்தப் பிரதியைத் தப்பாக வாசித்தால் பணம் போகிறது. சில சமயம் போவது வாசித்தவருடைய பணம்கூட இல்லை.

2019இல் நடந்தது அப்படிப்பட்ட ஒன்று. கணினி விளையாட்டு விற்பனையில் மிகப் பெரிய கடையான ஸ்டீம், அந்த ஆண்டு ஜூன் 25ஆம் தேதி கோடைக்கால விற்பனையைத் தொடங்கியது. அதோடு ‘ஸ்டீம் கிராண்ட் பிரி’ என்று ஒரு பந்தயமும் நடந்தது. முயல், ஆமை, கோர்கி நாய், காக்கட்டீல் கிளி, பன்றி என்று ஐந்து அணிகள். நாம் ஓர் அணியில் சேர்ந்து, விளையாட்டுகளில் சின்னச் சின்ன இலக்குகளை முடித்து, நம் அணியின் வண்டியை வேகப்படுத்த வேண்டும். முன்னணியில் வரும் அணிகளிலிருந்து குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய விருப்பப் பட்டியலில் மேலே இருக்கும் விளையாட்டை இலவசமாகக் கொடுப்பார்கள்.

விருப்பப் பட்டியல் என்றால், பிறகு வாங்கலாம் என்று நாம் குறித்து வைப்பது. அந்த விளையாட்டு வெளிவரும்போதும் விலை குறையும்போதும் கடை நமக்கு மின்னஞ்சல் அனுப்பும். பெரிய நிறுவனங்களுக்கு விளம்பரம் செய்யக் காசு இருக்கிறது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் அறையில் உட்கார்ந்து செய்யும் விளையாட்டுக்கு, முன்பின் தெரியாத வாசகரை மறுபடி சந்திக்க இருக்கும் நம்பகமான வழி அந்தப் பட்டியல்தான். நம் எழுத்தாளர் ஒருவரிடம், “புத்தகம் வந்தா சொல்லுங்க சார், வாங்கிக்கிறேன்” என்று சொல்லி நம்பர் கொடுத்துவிட்டு வருவதைப் போல.

பந்தயத்தின் விதியை வாசித்தவர்கள் என்ன செய்தார்கள்? பட்டியலில் இருக்கும் மலிவான சின்ன விளையாட்டு ஏதாவது பரிசாக வந்துவிட்டால் என்ன ஆவது என்று பயந்தார்கள். விலை கூடிய விளையாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டார்கள். உலகின் பல மூலைகளில் சின்னக் குழுக்கள் தங்கள் கணக்கைத் திறந்து பார்த்தபோது, விருப்பப் பட்டியலிலிருந்து நீக்கியவர்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறியிருந்தது. வரைபடங்களைப் படம் பிடித்து டுவிட்டரில் போட்டார்கள். அதன் பிறகு ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் விளக்கம் சொன்னது: எதையும் அழிக்கத் தேவையில்லை, பிடித்ததைப் பட்டியலின் மேலே நகர்த்தி வைத்தாலே போதும். பந்தயத்தின் அமைப்பு குழப்பமாக இருந்ததையும் ஒப்புக்கொண்டது.

வாசித்தவர்கள் முட்டாள்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஆப்பரேட்டர்களுக்கான வேலைக் குறிப்புகளை எழுதுவது என் பொறுப்புகளில் ஒன்று. எந்த விசையை முதலில் அழுத்த வேண்டும், எந்தத் தட்டை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவோம். ஒருவர் தப்பாகச் செய்தால் அவரைக் கேட்போம். ஒரே தப்பை நாற்பது பேர் செய்தால் தாளைத்தான் திருத்துவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் எழுதிய ஒரு தாளில் ‘தேவைப்பட்டால்’ என்று ஒரு சொல் இருந்தது. இரவு ஷிஃப்டில் இருந்த அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “தேவையா இல்லையான்னு யார் முடிவு பண்றது, தம்பி? நானா, நீங்களா?” என்று கேட்டார். நான் வாங்கிய விமர்சனங்களிலேயே மிகக் கூர்மையானது அதுதான்.

கிராண்ட் பிரியின் விதிகளை எழுதியவருக்கும் அப்படி ஓர் அக்கா கிடைத்திருக்க வேண்டும்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், 2019 மே மாதத்தில், எபிக் கடை தன் பெரிய விற்பனையை நடத்தியது. 14.99 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள விளையாட்டுகளுக்குப் பத்து டாலர் கழிவு. அந்தப் பத்து டாலரைக் கடையே ஏற்றுக்கொள்ளும். வாங்குபவருக்கு நல்ல காலம்தான். ஆனால் அப்போது வெளிவராதிருந்த ‘பிளட்லைன்ஸ் 2’க்கும் சேர்த்து விலை குறைந்துவிட, அதுவும் ‘ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்’டும் தற்காலிகமாகக் கடையிலிருந்தே காணாமல் போயின. கொண்டாட்டத்தின் விதி பொருளை ஆக்கியவர் விருப்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது வெளியே தெரிந்தது அப்போதுதான். நடுவில் நின்ற வாசகர், நேற்று இருந்த விளையாட்டு இன்று எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

“விளையாட்டுக் கடையில் விளையாட்டாக ஏதாவது வைக்கிறார்கள், இதற்குப் போய் ஏன் இத்தனை கோபம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் ஸ்டீம் விற்பனை என்றால் சில மணி நேரம் மட்டும் நீடிக்கும் திடீர் விலைகள் இருக்கும். இப்போது வாங்கலாமா, நாளைக்கு இன்னும் குறையுமா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 2015 ஜூனில் பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதி வந்தது. வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த ஆண்டுக் கடைசியிலிருந்து திடீர் விலைகளும் போய்விட்டன. விற்பனை தொடங்கும்போது இருக்கும் தள்ளுபடி, முடியும் வரைக்கும் அப்படியே இருக்கும். இது பாராட்ட வேண்டிய மாற்றம். தெளிவாக எழுத அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி.

என் கோபமும் அங்கேதான் தொடங்குகிறது. விலையில் இருந்த புதிர் போனதும், அதே புதிர் முத்திரையாகவும் அணியாகவும் புள்ளியாகவும் கொண்டாட்டத்துக்குள் குடியேறிவிட்டது. விலை தெளிவாக இருந்தால் நாம் வந்து, வாங்கி, போய்விடுவோம். விதி புரியாவிட்டால் நின்று சுற்றிப் பார்ப்போம். யாரும் வேண்டுமென்றே குழப்பினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் குழப்பத்தைச் சீக்கிரம் தீர்க்க வேண்டிய அவசரம் கடைக்கு இல்லை. அவசரம் எல்லாம் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டவருக்குத்தான்.

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்குப் பூடகம் புதிதில்லை. சொல்லாமல் விட்டதை நாமே நிரப்புவதில் நமக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அதே சந்தோஷத்தைத் தரும் விளையாட்டும் இருக்கிறது. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு அங்கங்கே கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது போன்ற விடுபட்ட வரிகளை நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் செய்தால் மறுபடி முதலிலிருந்து செய்யலாம், அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் போவதில்லை. தப்பு செய்யச் செய்யத்தான் அந்த அம்மாவின் கை நமக்குத் தெரிகிறது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டுக்கான விருது இதற்குக் கிடைத்தது.

முழுமையில்லாத பிரதிகள்தான் இரண்டும். ஒன்று விடுபட்டதை நிரப்ப நமக்கு இடம் கொடுக்கிறது. இன்னொன்று நாம் தப்பாக நிரப்பியதற்கு யாரோ ஒருவரிடம் பணம் வசூலிக்கிறது. பூடகத்துக்கும் குழப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 2019இல் அழிக்கப்பட்ட பட்டியல்களில் ‘வெண்பா’ போல எத்தனை சின்ன விளையாட்டுகள் இருந்திருக்கும்!

என் பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். எழுத்துத் தெரியாது. கடைக்கு 555 புத்தகத்தைக் கொண்டுபோவார். கடைக்காரர் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று எழுதி அனுப்புவார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். சரியாக இருந்தால் பாட்டி தலையாட்டுவார், இல்லையென்றால் புத்தகத்தோடு திரும்பப் போவார். பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொண்டால் இந்தக் கடைக் கணக்குப் பயம் போய்விடும் என்று நம்பித்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். நான் பட்டம் வாங்கினேன். மாமாக் கடையில் அன்றைக்கு அந்தப் பக்கத்தை மூன்று முறை வாசித்த பிறகும், தம்பியிடம் ஒரு பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

ஸ்டீமின் பெரிய விற்பனைகள் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்குகின்றன. நமக்கு அது நள்ளிரவு ஒன்று, அங்கே குளிர்காலம் என்றால் இரண்டு. அடுத்த விற்பனை வந்தபோது தம்பியிடம், “படுத்துத் தூங்குடா, காலைலயும் அதே விலைதான்” என்றேன். காலையில் விலை அப்படியேதான் இருந்தது. அணி, முத்திரை எதையும் தொடாமல், பட்டியலில் வைத்திருந்த ‘வெண்பா’வை வாங்கினான்.

இட்லித் தட்டை இரண்டு முறை தப்பாக அடுக்கினான். மூன்றாவது முறை வெந்துவிட்டது.