வெயிலும் மழையும் பட்ட மரம்: ஒளிப்படமும் அதற்கான விமர்சனமும்

பழைய கதவு, வண்டிச் சக்கரம், கரையில் கிடக்கும் படகு ஆகியவை ஒளிப்படம் பழகுவோர் விரும்பி எடுக்கும் பொருள்கள். அவற்றில் வரிகளும் வெடிப்புகளும் நிறைந்திருக்கும். ஆனால் நல்ல பொருள் கிடைத்ததாலேயே நல்ல படம் அமைந்துவிடாது. இத்தகைய படங்களுக்குப் பெரும்பாலும் ‘அருமை’ என்ற ஒற்றைச் சொல்லே கருத்தாகக் கிடைக்கிறது. கட்டுரை நோட்டில் ‘நன்று’ என்று மட்டும் எழுதித் தருவதைப் போன்றது அது. மாணவர் மகிழ்வார், ஆனால் எதையும் கற்கமாட்டார்.

மரமும் ஒளியும்

சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் மரத்தின் மேற்பரப்பில் உள்ள லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. மழை அதைக் கழுவிவிட, சாம்பல் நிற நார்கள் எஞ்சுகின்றன. வளர்ச்சி வளையங்கள் தெளிவாக உள்ள மரங்களில் மென்மையான பகுதி முதலில் தேய்கிறது. கடினமான பகுதி மேடாக நிற்கிறது. ஆகவே நாம் வரி என்று காண்பது சிறு மேடு பள்ளங்களே. காலை, மாலை வேளைகளில் சாய்வாக விழும் வெயில் அவற்றை எடுத்துக்காட்டும். கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சம் நேராக விழுந்து அவற்றை மறைத்துவிடும்.

இரண்டு முன்மாதிரிகள்

ஓவியம் போல மங்கலாக்கிக் காட்டும் போக்கை மறுத்து, 1932இல் கலிபோர்னியாவில் ‘எஃப்/64’ என்னும் குழு தோன்றியது. லென்ஸின் மிகச் சிறிய துளை அளவு ஒன்றே அதன் பெயராயிற்று. அக்குழுவைச் சேர்ந்த ஆன்செல் ஆடம்ஸ் அக்காலத்தில் எடுத்த ‘பலகைகளும் முட்செடிகளும்’ என்ற படத்தில், பழைய பலகைகளுக்கு முன்னே முட்செடி நிற்கிறது. செடி இல்லையெனில் அது வெறும் பலகையின் மாதிரித் துண்டாகியிருக்கும். எட்வர்ட் வெஸ்டன் 1929இல் எடுத்த சைப்ரஸ் மரவேரின் படத்துக்கு அத்தகைய துணை தேவைப்படவில்லை. வேரின் வளைவே கண்ணை இழுத்துச் செல்கிறது. இரண்டு படங்களிலும் துல்லியம் உண்டு. ஆனால் படத்தைத் தாங்குவது துல்லியம் அன்று, அமைப்பே.

கருத்துச் சொல்லும் முறை

நண்பகலில் எடுத்த பழைய கதவின் படம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ‘சுமாராக இருக்கிறது’ என்பது தீர்ப்பு, அதனால் பயனில்லை. பயனுள்ள கருத்தில் மூன்று படிகள் உண்டு. கண் முதலில் எங்கே போகிறது என்று சொல்ல வேண்டும். காரணத்தைக் காட்ட வேண்டும். செய்யக்கூடிய மாற்றம் ஒன்றைக் கூற வேண்டும். ‘வலது ஓரத்து வெள்ளைச் சுவர் கண்ணை இழுக்கிறது. இன்னும் அருகே சென்று அதை விலக்கினால் தாழ்ப்பாள் எடுபடும். மாலை வெயிலில் மீண்டும் எடுத்துப் பாருங்கள்’ என்றால் எடுத்தவருக்கு மறுநாளே ஒரு வேலை கிடைக்கிறது.

குறையையும் விருப்பத்தையும் குழப்பக் கூடாது. கணினியில் கூர்மையை மிகுதியாக்கியதால் வரிகளின் ஓரத்தில் வெண்கோடு தோன்றினால் அது குறை. ‘கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கலாம்’ என்பது பார்ப்பவரின் விருப்பம். அதை விருப்பம் என்றே சொல்ல வேண்டும்.

பாராட்டுக்கும் காரணம் வேண்டும். ‘தாழ்ப்பாளைச் சுற்றிக் கைபட்டு வழவழப்பான இடத்தைக் கவனித்திருக்கிறீர்கள், அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் அங்கே தெரிகிறார்கள்’ என்று சொன்னால், எதை விடாமல் காக்க வேண்டும் என்பது எடுத்தவருக்கு விளங்கும்.