யாப்பும் ஆட்டவிதியும்: ‘வெண்பா’ கணினி விளையாட்டை முன்வைத்துத் தோட்டப்புற நோக்கில் சில கருத்துகள்

கதை, கவிதை, நாடகம், திரைப்படம் ஆகியவற்றைத் தமிழ்த் திறனாய்வு தன் எல்லைக்குள் கொண்டுவந்து நெடுநாள் ஆகிறது. கணினி விளையாட்டு மட்டும் இன்னும் வாயிலுக்கு வெளியே நிற்கிறது. மாணவர் பொழுதைக் கெடுப்பது, கண்ணைக் கெடுப்பது என்ற அளவில் நம் ஆசிரியர் ஓய்வறைகளில் அது பேசப்படுகிறதேயன்றி, ஆக்கியோன் ஒருவனுடைய படைப்பாக அது நோக்கப்படுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்திருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிக்கும் நாம் இவ்வாறு இருப்பது வியப்பிற்குரியது.

2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டு இப்போக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நிலைக்கு நம்மைத் தள்ளியுள்ளது. கனடாவின் டொரொண்டோ நகரில் அபி என்பார் தலைமையில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு இதனை உருவாக்கியது. 2024இல் தனித்த விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எப். விழாவின் முதன்மைப் பரிசையும், அதே ஆண்டில் அறிமுகப் படைப்பிற்கான பாஃப்டா விருதையும் இது பெற்றது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையைக் களனாகக் கொண்ட ஆக்கம் உலக அளவில் இத்தகு சிறப்பைப் பெற்றபோது நம் துறைகளில் அது குறித்துப் பெரிய சலனம் எதுவும் எழவில்லை.

விளையாட்டு வடிவமைப்பாளர் என்பவர் யார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். அவர் ஓவியர் அல்லர்; நிரல் எழுதுபவராகவும் இருக்க வேண்டுவதில்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது, செய்தால் என்ன விளையும் என்னும் விதிகளை அமைப்பவரே அவர். யாப்பிலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. வெண்பாவின் பொருளை யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை. இயற்சீரும் வெண்சீரும் அன்றிப் பிற சீர் புகலாகாது, வெண்டளை பிறழலாகாது, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாக முடிய வேண்டும் என்னும் கட்டுகளே வகுக்கப்பட்டன. அக்கட்டுகளுக்குள் நடக்கும்போதுதான் புலவனின் சொல் ஒரு திசையில் திரும்புகிறது. விளையாட்டின் விதியும் ஆடுநரின் கையை அவ்வாறே திருப்புகிறது. ஆகவே ஒரு விளையாட்டின் பொருளை அதன் கதைச் சுருக்கத்திலோ காட்சி அழகிலோ தேடுதல் போதாது. விதியில் தேட வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

இக்கலைஞர்கள் உருவான வழியும் கருதத்தக்கது. ஜப்பானின் மியாமோட்டோ தொழிற்கலை வடிவமைப்புப் பயின்று 1977இல் நிண்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தவர். இளமையில் ஊர்ப்புறக் காட்டிலும் குகையிலும் அலைந்து திரிந்த அனுபவத்தை 1986இல் வந்த ‘செல்டா’வின் தேடலாக மாற்றினார். சத்தோஷி தஜிரியின் வரலாறு நமக்கு இன்னும் அணுக்கமானது. அவர் 1983இல் ‘கேம் ஃப்ரீக்’ என்னும் பெயரில் தம் கைப்பட எழுதி, படியெடுத்து, கம்பி தைத்து இதழ் நடத்தினார். நம் சிற்றிதழ் மரபை அறிந்தோர்க்கு இக்காட்சி புதிதன்று. அவ்விதழே 1989இல் நிறுவனமாயிற்று. சிறுவயதில் பூச்சி பிடித்த பழக்கம் 1996இல் ‘போக்கிமோன்’ ஆயிற்று. பூச்சியின் படத்தை வரைந்து வைத்ததோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே இங்குக் கவனத்திற்குரியது. தேடுதல், பிடித்தல், நண்பரோடு மாற்றிக்கொள்ளுதல் என்னும் செயல்களையே விதிகளாக்கினார். இளமை நினைவு நம் எழுத்தாளரிடம் பெரும்பாலும் வருணனையாகிறது. தஜிரியிடம் அது இயக்கமாயிற்று.

‘வெண்பா’வின் வெற்றியும் இத்தகையதே. 1980களில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகியோரே மாந்தர். தாய் தந்த சமையற்குறிப்பேடு கிழிந்தும் மை அழிந்தும் இருக்கிறது. விடுபட்ட வரியை ஆடுநர் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்டலித் தட்டுகளை அடுக்கும்போது மேல்தட்டின் குழியும் கீழ்த்தட்டின் துளையும் மாறி அமைந்தால்தான் ஆவி ஏறும் என்பதை ஆடுநர் தாமே கண்டறிகிறார். நம் வீட்டுப் பெண்டிர் சொல்லாமலே அறிந்திருந்த ஒன்று இங்கே அறிவாக மதிக்கப்பெறுகிறது. சிதைந்த ஏட்டிலிருந்து பாடம் மீட்கும் பணி பதிப்பாசிரியர் பணியாகும். அதனை ஒரு சமையலறைக்குள் வைத்தது அபியின் நுண்மை. புலம்பெயர் கதைகளில் பெரிதும் பேசுவது பிள்ளைகளின் குரல். இங்கே ஆடுநரின் கை பெரும்பகுதி தாயின் கையாக இருக்கிறது. பின்னர்க் கவினே சமைக்க முற்படுகையில் தமிழ் எழுத்து அவனுக்கு இடறுகிறது. அதுவரை சரளமாக ஆடிய நாமும் அவனோடு இடறுகிறோம். மொழியிழப்பைப் பற்றிப் பல மாநாட்டுக் கட்டுரைகள் சொல்லியதை இவ்விடம் சில நிமிடங்களில் உணர்த்திவிடுகிறது.

ஆயினும் குறை இல்லாமல் இல்லை. உரையாடலில் நாம் எவ்விடையைத் தேர்ந்தாலும் கதையின் போக்குப் பெரிதும் மாறுவதில்லை. வந்தேறியவர்க்குத் தெரிவுகள் குறைவு என்பதன் குறியீடு இது எனச் சிலர் கூறலாம். அவ்விளக்கத்தில் ஓரளவு பொருத்தம் உண்டு. ஆனால் சமையல் பிழைத்தால் மீண்டும் தொடங்கலாம், இழப்பு யாதும் இல்லை என்னும் விதிக்கு அவ்விளக்கம் பொருந்தாது. கதை மீளாத இழப்பைப் பேசுகிறது. விதியோ எல்லாவற்றையும் மீட்டுத் தருகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. புனே நகரின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழு 2020இல் வெளியிட்ட ‘ராஜி’யில் இம்முரண் மேலும் கூடுதல். அதன் மாளிகைகளும் சிற்பங்களும் கண்ணை விட்டு அகலா. ஆனால் ஆடுநர் செய்யும் போர் எந்நாட்டு விளையாட்டிலும் உள்ள போரே. கோபுரமும் சேலையும் வைத்துவிட்டால் ஓர் ஆக்கம் நம்முடையதாகிவிடும் என்னும் எண்ணத்திலிருந்து நாமும் விடுபட வேண்டியுள்ளது.

இவ்விடத்தில் கெடா மாநிலத்தின் பாடாங் மேஹாவை நினைக்கிறோம். கூலிம் மாவட்டத்தின் முக்கிம்களுள் ஒன்றாகிய அது, பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத் தோட்டங்களைப் போலவே ரப்பரால் உருவான தமிழர் வாழ்வைக் கண்டது. அதே மாவட்டத்தில் 1996இல் தொடங்கப்பெற்ற உயர் தொழில்நுட்பப் பூங்காவில் மின்னணுச் சில்லுகள் உருவாகின்றன. கணினி விளையாட்டுகளின் அடிப்படையாகிய தொழில் வாசலுக்கே வந்துவிட்டது. அவ்விளையாட்டுகளுள் பாடாங் மேஹா ஒன்றிலேனும் உண்டா?

பால்வெட்டு என்பது விதிகளால் ஆன தொழில். விடியலுக்கு முன் வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். மரத்தின் பாதிச் சுற்றளவில் சரிவாகக் கோடு இழுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் மங்கு நிறையாது. ஆழமாக வெட்டினால் உள்ளிருக்கும் வளர்படலம் காயமுறும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து அம்மரம் ஆண்டுக்கணக்கில் பழிவாங்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை. பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணியின் சொல்லைக் கேட்க நேரும். இன்றைய கூலிக்காக நாளைய பட்டையைச் செலவிடுவதா என்னும் கேள்வி ஒவ்வொரு மரத்தடியிலும் எழுந்தது. ‘வெண்பா’வில் இல்லை என்று நாம் குறித்த மீளாத்தன்மை இத்தொழிலின் அடிநிலை விதியாகவே இருக்கிறது. தோட்டத் துயரைப் பாடிய நம் புனைகதைகள் பல அத்துயரைப் பெருமூச்சாக்கின. கத்தியின் ஆழத்தை ஆடுநரிடம் விட்டுப் பத்தாண்டு கழித்து அதே மரத்தின் முன் அவரைக் கொண்டுவந்து நிறுத்தும் ஒரு விளையாட்டிற்குப் பெருமூச்சு தேவையில்லை.

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்று தள்ளிவிட முடியாது. மலேசியரான வான் ஹஸ்மர் தோக்கியோவில் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்தில் ‘ஃபைனல் ஃபேண்டசி 15’ ஆக்கத்தில் வடிவமைப்பாளராக விளங்கி, நாடு திரும்பி மெட்ரோனோமிக் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 2020இல் ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ வெளிவந்தது. பெருநிறுவனத்தில் கற்றுத் தாயகத்தில் சிறுகுழு அமைப்பது ஒரு வழி. அபியின் குழுவைப் போல் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குவது மற்றொரு வழி. நம் இந்திய ஆய்வியல் மாணவர் இவ்விரண்டிற்கும் அயலார் எனக் கருதப்படுகின்றனர். யாப்பு கற்றவர்க்கு விதியமைத்தல் அயலானது என்று நாம் எவ்வாறு முடிவு செய்தோம் என்பது விளங்கவில்லை. ஆசிரியப் பணி, வானொலி, நாளிதழ் என்பவற்றோடு அவர்தம் தொழில்வாய்ப்புப் பட்டியலை நிறுத்தியவர்கள் நாமே.

உடனடியாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இளங்கலை இறுதியாண்டு ஆய்வேட்டிற்குத் தோட்டப்புறச் சொற்களைத் தொகுக்க மாணவரை அனுப்புகிறோம். நிரை, மங்கு, பெரட்டு, ஒட்டுப்பால் என்று சொற்பட்டியல் வருகிறது. பொருள் எதிரே ஒரு வரி. அச்சொல்லுக்குப் பின்னிருந்த விதியைக் கேட்டு வருமாறு நாம் சொல்வதில்லை. ஒரு நிரையில் எத்தனை மரம், யாருக்கு நல்ல நிரை, அதை யார் தீர்மானித்தார், மழையன்று என்ன செய்தார்கள், ஒட்டுப்பாலுக்குக் கணக்கு எப்படி என்பனவே வடிவமைப்பாளருக்கு வேண்டும். ரப்பர் நிரைகள் செம்பனையாக மாறிய தோட்டங்களில் இவற்றைக் கைப்பழக்கமாக அறிந்தோர் முதியோர் ஆகிவிட்டனர். அடுத்த பருவத்துக் களப்பணி வினாநிரலில் இவ்வினாக்களைச் சேர்க்க எந்த ஒப்புதலும் தேவைப்படுவதில்லை.