கட்டைக் காலும் பத்து வினாடித் தீர்ப்பும்

தங்கச் சுரங்கம் ஓடிய நாளில், கோலார் தங்கவயலின் நந்திதுர்க்கில் ஒருவர் விந்தி நடந்தால் பலரும் காரணம் கேட்க மாட்டார்கள். பாறை விழுந்து தொடையெலும்பு முறியும். முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூடிவிட்டால், ஆயுளுக்கும் அந்தக் கால் கட்டைதான். 2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது கட்டைக் கால் என்ற பேச்சு மைதானத்தில் கேட்கிறது. ஓடுகிற பையனுக்கு முட்டி வலி என்றால் போதும், பெஞ்சில் படுக்கவைத்து இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, “ஒரு கால் கட்டைடா” என்று சொல்லிவிடுகிறார்கள்.

பத்து வினாடியில் வரும் இந்தத் தீர்ப்பை நான் நம்புவதில்லை. இடுப்பு லேசாகக் கோணினாலும், ஒரு பக்கத் தசை இறுகியிருந்தாலும் குதிகால்கள் ஒட்டி நிற்காது. டேப் வைத்து அளப்பதிலும் இரண்டு வகை உண்டு. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உட்பக்கக் கணுக்கால் எலும்பு வரை அளந்தால் அது காலின் உண்மை நீளம். தொப்புளிலிருந்து அளந்தால் தோற்ற நீளம். முதல் அளவு இரு பக்கமும் சமமாக வந்து இரண்டாவது மட்டும் மாறினால், கோளாறு இடுப்பில், காலுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பையனின் ஷூவுக்குள் அட்டை வைத்தால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த கதையாகும்.

உண்மை நீளத்தை அளக்கும்போதும் டேப் அரை சென்டிமீட்டர் ஏமாற்றும். அதைவிட, ஆளை நிற்கவைத்து, கட்டைக் காலின் கீழ் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி, இடுப்பு மட்டமாகும் உயரத்தைக் குறிப்பது மேல். அதிலும் ஐயம் இருந்தால் எக்ஸ்ரே.

சரி, வித்தியாசம் இருக்கிறது என்றே வைப்போம். அதற்காகப் பதற வேண்டுமா? பழைய ஆய்வுகளைத் தொகுத்த 2005-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு வித்தியாசம் உண்டு, சராசரி 5 மில்லிமீட்டர் சொச்சம் என்றது. உசேன் போல்ட்டையே பாருங்கள். முதுகெலும்பு வளைவு, வலது கால் ஏறக்குறைய அரை அங்குலம் குட்டை. அவருடைய ஓட்டத்தை அலசிய அமெரிக்க ஆய்வாளர்கள், வலது கால் தரையை 13 விழுக்காடு கூடுதல் வலுவோடு அறைகிறது, இடது கால் 14 விழுக்காடு கூடுதல் நேரம் தரையில் தங்குகிறது என்று 2017-இல் கணக்கிட்டார்கள். 100 மீட்டரை 9.58 வினாடியில் கடந்த உடம்பு அது! அதைச் சமப்படுத்தியிருந்தால் வேகம் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, யார் சொல்வது?

ஆனால் முழுக்க அலட்சியமும் ஆகாது. 50 வயதைத் தாண்டிய 3,000 பேரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ வித்தியாசம் உள்ளவர்களிடம், குறிப்பாகக் கட்டைக் காலின் பக்கம், முழங்கால் மூட்டுத் தேய்மானம் அதிகம் தென்பட்டது. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் உடம்பே சமாளிக்கத் தொடங்கும்: நீண்ட கால் முட்டியை மடக்கும், கட்டைக் கால் நுனியில் ஊன்றும், இடுப்பு சரிந்து முதுகு வளையும்.

மாற்றுத்திறனாளர் தடகளத்தில் கால் நீள வித்தியாசத்தைக் காட்டி வருபவரின் தகுதியை இந்த அளவுதான் தீர்மானிக்கிறது. அங்கே கோடு 7 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் கால் நீளத்தைக் காட்டி உள்ளே வர முடியாது. ஒரு கால் குட்டையாகவே பிறந்த உத்தரப் பிரதேசத்து பிரவீன் குமார், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 2.08 மீட்டர் தாண்டி டி64 பிரிவு உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். அங்கே அளவெடுப்பு இத்தனை கறாராக நடக்க, நம் மைதானத்தில் மட்டும் கண்மட்டம் போதுமாம்.

எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இன்னொன்று. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் சரிவோரம் ஓடுகிறீர்கள். சரிவில் மேட்டுப் பக்கக் கால் நீண்டதாகவும் பள்ளத்துப் பக்கக் கால் கட்டையாகவும் வேலை செய்யும். தினமும் ஒரே திசையில் ஓடினால், சமமான காலுக்கும் கட்டைக் காலின் வலி வரும். டேப்பைத் தேடுமுன் ஒரு வாரம் சமதரையில் ஓடிப் பாருங்கள். வலி அப்படியே இருந்தால், அப்புறம் அளக்கலாம்.